பொடிமணலில் தைலம்மாள்

வடக்கனந்தல் தைலம்மாளுக்கு வயது நாற்பத்தொன்பது. அதில் முப்பது வருஷத்துக்கு மேல் பின்பக்கமாகவே நடந்தவள் அவள். நடவு நடுகிற பெண்கள் எல்லோரும் அப்படித்தான். குனிந்த முதுகோடு, இடது கையில் நாற்று முடியோடு, நட்டதை மிதிக்காமல் பின்னால் பின்னால் கால் வைத்துப் போக வேண்டும். எதிரே பார்த்துக்கொண்டு போகிற வேலை அது இல்லை.

பதினாறு பெண்கள் சேர்ந்த நடவு செட்டுக்கு அவள்தான் முதல் ஆள். வரப்பை ஒட்டி நிற்கிற முதல் ஆள் காலை எடுத்து வைத்தால்தான் அடுத்தவள் நகருவாள், அவள் நகர்ந்தால்தான் அதற்கடுத்தவள். முதல் ஆளின் கால் வேகம்தான் வயலின் வேகம். நடவு தொடங்குகிற அன்றைக்கு ஈசானி மூலையில் சேற்றால் ஒரு பிள்ளையார் பிடித்து, அறுகம்புல் செருகி, கும்பிட்டுவிட்டு முதல் நாற்றை தைலம்மாள்தான் ஊன்றுவாள். அவள் கை பட்டால் நாற்று சீக்கிரம் பச்சை பிடிக்கிறது என்று நிலக்காரர்கள் சொல்வார்கள். அதெல்லாம் அம்மன் செயல் என்பாள். என்றாலும் அந்த இடத்தை ஒருநாளும் யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்லை. காய்ச்சலோடும் போய் நின்றிருக்கிறாள்.

பிறந்தது தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. பதினெட்டு வயதில் காசிநாதனுக்கு வாழ்க்கைப்பட்டு வடக்கனந்தல் வந்தாள். காசிநாதன் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர். அதிகம் பேசமாட்டார். இரண்டு பிள்ளைகள். மூத்தவன் இளமாறன் ஊர்க்காரர் ஒருவருடைய சின்ன லோடு வண்டியை ஓட்டுகிறான். அந்த வண்டியைக் குட்டியானை என்பார்கள். இளையவள் அபிநயா கள்ளக்குறிச்சியில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். சொந்தமாக ஒரு காணி நிலம்கூட கிடையாது. நட்ட வயல்கள் எல்லாம் அடுத்தவர்களுடையவை.

போன தை மாதம் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு, அண்ணன் மகனுடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து திரும்பி வந்தாள். அறுவடைக் காலம். பாதி ரோட்டை அடைத்து மக்காச்சோளம் காயவைத்திருந்தார்கள். எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கியபோது சக்கரம் சோளத்தில் ஏறியது. பைக் வழுக்கிப் படுத்துவிட்டது. அண்ணன் மகனுக்குச் சிராய்ப்போடு போனது. தைலம்மாளுக்கு வலது கணுக்காலில் இரண்டு எலும்பும் உடைந்தன. பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள்.

மூன்று மாதம் கட்டில். பிறகு கைத்தடி. ஆனி மாதம் காட்டப் போனபோது டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்றார்.

"தடி வேணாம்மா. தினம் நடங்க."

"ஐயா, சேத்துல எறங்கலாங்களா?"

"மொதல்ல தரையில நல்லா நடங்கம்மா. அப்புறமா சேத்தப் பத்திப் பேசலாம்."

அவ்வளவுதான் அவர் சொன்னது. தைலம்மாள் வீட்டுக்கு வந்தும் தடியை விடவில்லை. தரையில் நடப்பதில் அவளுக்குப் பெரிய பயம் இல்லை. சேறு வேறு. தண்ணீர் கட்டி உழுது சேடை ஓட்டிய வயலில் கால் முழங்கால் பக்கம் வரை இறங்கும். ஒவ்வொரு தடவையும் அதைத் திருகி உருவி எடுக்க வேண்டும். எடுக்கிற வேலை முழுக்கக் கணுக்காலுக்கு. ஒருநாள் யாருக்கும் தெரியாமல் வாய்க்கால் ஓரத்துச் சேடை வயல் வரைக்கும் போனாள். வரப்பில் நின்று சேற்றையே பார்த்தாள். புடவையைத் தூக்கிச் செருகினாள். கால் இறங்கவில்லை. திரும்பி வந்துவிட்டாள்.

ஆடி மாதம் கடைசி வியாழக்கிழமை அமிர்தம் வந்தாள். செட்டில் தைலம்மாளுக்கு அடுத்த இடத்தில் பன்னிரண்டு வருஷம் நட்டவள் அமிர்தம். தைலம்மாள் படுத்த பிறகு முதல் ஆளாக நிற்பவளும் அவள்தான்.

"யக்கா, கால் எப்பிடி கீது?"

"கீது. அதுக்கின்னா, உன்னாட்டம் ரெண்டு காலுதான்."

"வாய் மட்டும் ஒடையல." அமிர்தம் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னாள். "ஆவணி பொறந்ததும் பெரிய கழனில நடவு. பதினாறு பேர் முழுசா வேணும்னு சொல்லிட்டாங்க. கரியாலூர்ல இருந்து ஒரு பொண்ணு வரேங்குது. நீ வர்றதா இருந்தா அத்த வேணாம்னு சொல்லிடுவேன். ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒரு வார்த்த சொல்லிடுக்கா."

தைலம்மாள் கணுக்காலைத் தடவிக்கொண்டாள்.

"முடியலன்னா வரப்புல ஒக்காந்து நாத்து முடி எடுத்துக் குடு. உனக்கு நான் எடம் வெச்சிருப்பேன்."

அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் வரப்பில் உட்கார்ந்து நாற்று எடுத்துக் கொடுப்பது வயசாகி முதுகு குனியாதவர்கள் செய்கிற வேலை. அமிர்தம் போன பிறகு தைலம்மாள் அன்று சாயந்திரம் விளக்கேற்றும்போது நெடுநேரம் அம்மன் படத்துக்கு முன்னால் நின்றாள்.

ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. ஆபரேஷன் நடந்த அன்று காசிநாதனின் அக்கா செல்லியம்மாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டது அது. கடலூர்ப் பக்கம் ஒரு குப்பத்தில் கரையோரமாகவே ஒரு மாரியம்மன் உண்டு. தைலம்மாள் கால் நல்லபடியாக ஆனால் குடும்பத்தோடு கரையோரமாக நடந்தே போய் அவளுக்குப் பொங்கல் வைக்கிறோம் என்று வேண்டியிருந்தாள். அமிர்தத்துக்குச் சொல்ல வேண்டிய பதிலை அங்கே போய்விட்டு வந்து சொல்லலாம் என்று தைலம்மாள் முடிவு செய்தாள். தன் புத்திக்கு விளங்காததை அம்மன் விளங்க வைக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை இளமாறன் குட்டியானையை ஓட்டினான். பின்னால் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஏழு மணிக்கெல்லாம் சவுக்குத் தோப்பு ஓரம் தார் ரோடு முடிகிற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்து தெற்கே கரையோரம் கோயிலின் சிவப்புக் கொடி சின்னதாகத் தெரிந்தது. இரண்டு கிலோமீட்டர் இருக்கும் என்று டீக்கடைக்காரர் சொன்னார். ஊருக்குள் சுற்றிக்கொண்டு போனால் வண்டி கோயில் வாசல் வரைக்கும் போகுமாம்.

"எம்மா, வண்டிலயே போய்டலாமா? கடைசில பத்தடி நடந்தா போதாதா?" என்றான் இளமாறன்.

"அம்மனாண்ட நீ கணக்கு சொல்லுவியாடா? நடந்து வரேன்னு வேண்டினது உங்கத்த," என்றாள் தைலம்மாள்.

"ஆமாண்டா, நான் வேண்டிக்கினேன். அதுக்கு நானும் நடக்கணும்னு அப்ப தோணல," என்றாள் செல்லியம்மாள். அவளுக்கு அறுபது வயது, கொஞ்சம் பருத்த உடம்பு. பொங்கல் பானையைத் தலையில் வைத்துக்கொண்டாள்.

கரையில் இறங்கினார்கள். கடல் இடது பக்கம். மேடு பள்ளம் இல்லாமல், கல் முள் இல்லாமல், கண்ணுக்கு எட்டின வரை ஒரே மணல். கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் எந்தத் திசையில் பார்த்தாலும் ஒரு மலையோ கரடோ நிற்கும். இங்கே பார்வையைத் தடுக்க ஒன்றும் இல்லை. அலை வந்து நனைத்துவிட்டுப் போன இடம் கறுப்பாகப் பளபளத்தது. அதற்கு மேலே தோப்புப் பக்கம் மணல் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது.

அபிநயா ஈரத்தைப் பார்த்து ஓடினாள். காசிநாதன் விறகுக் கட்டோடு சத்தம் போட்டார்.

"ஏய், அங்க எங்க போற? ஈரத்துல கால வெச்சா உள்ள இழுத்துடும். காஞ்ச எடமா மேல வா."

அவர் சொன்னதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வாழ்நாள் முழுவதும் கழனிப் பக்கமே இருந்தவர்களுக்குத் தெரிந்த மண் அதுதான். ஈரம் இருந்தால் கால் இறங்கும். காய்ந்திருந்தால் தாங்கும். உடைந்த கால்காரியைக் கூட்டிக்கொண்டு போகிறபோது காய்ந்த இடமாகத்தானே போக வேண்டும். ஐந்து பேரும் மேலே ஏறி, வெள்ளை மணலில் வரிசையாக நடக்க ஆரம்பித்தார்கள்.

நூறு அடி போவதற்குள் செல்லியம்மாளுக்கு இரைத்தது. கால் வைத்தால் மணல் இடிந்து உள்ளே வாங்கியது. எடுத்தால் சரிந்து பின்னால் தள்ளியது. இரண்டு அடி வைத்தால் ஒரு அடிதான் முன்னே போனது போல இருந்தது.

"இன்னா எழவு மண்ணுடா இது, கோயில் கிட்ட வரமாட்டேங்குது," என்றாள்.

"அத்த, நீ குண்டா கீறதால உனக்கு மட்டும் ஜாஸ்தி எறங்குது," என்றாள் அபிநயா.

"உன்ன மாதிரி காத்துல பறக்கறதுக்கு நான் இன்னா பட்டமாடி?"

தைலம்மாளின் பார்வை காலில் இருந்தது. தடியை ஊன்றினால் அது ஒரு சாண் உள்ளே போய் நின்றுகொண்டது. அதைப் பிடுங்கி எடுக்கத் தனியாக ஒரு பலம் வேண்டியிருந்தது. கொஞ்ச தூரம் பார்த்துவிட்டு மகனிடம் நீட்டினாள்.

"இந்தா, இத்த நீ வெச்சிக்க. இது என்னத் தாங்குதா, நான் இத்தத் தாங்குறனான்னு தெரியல."

இளமாறன் வாங்கித் தோளில் சாத்திக்கொண்டான். காசிநாதன் பக்கத்தில் வந்து முழங்கையைப் பிடித்தார். நாலு அடி போனதும் அவர் சறுக்கினார். "நீங்க வுடுங்க. ரெண்டு பேரா வுழுவறதுக்கு நான் ஒருத்தியாவே வுழுவுறேன்," என்றாள். அவர் விட்டுவிட்டார். இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தார்கள். வியர்வை வழிந்தது. அம்மா தாயே என்று செல்லியம்மாள் நாலடிக்கு ஒருதரம் கூப்பிட்டாள்.

முக்கால் மணி நேரத்தில் பாதி தூரம் வந்திருப்பார்கள். எதிரே குப்பத்துப் பெண் ஒருத்தி தலையில் மீன் கூடையோடு கடல் ஓரமாகவே வந்தாள். வேகமான நடை. இவர்களைப் பார்த்ததும் நின்று கண்ணுக்கு மேலே கை வைத்துப் பார்த்தாள்.

"எங்கம்மா போறீங்க?"

"கோயிலுக்குங்க," என்றார் காசிநாதன்.

"கோயிலுக்குப் போறவங்க ஏன் சாமி அங்க போய் சாவுறீங்க? கீழ எறங்கி வாங்க. எம்மாம் பெரிய ரோடு போட்டு வெச்சிருக்கான் ஆண்டவன்!"

"ஈரமா இருக்குதுங்களே."

"ஈரமா இருந்தாத்தான் நடக்கலாம்." அவள் காலைத் தூக்கி ஈர மணலில் ஓங்கி மிதித்துக் காட்டினாள். சத்தம் கேட்டது. கால் இறங்கவே இல்லை. "எந்த ஊரு நீங்க?"

"கள்ளக்குறிச்சிப் பக்கம்."

"அதான்," என்று சிரித்துக்கொண்டே அவள் போய்விட்டாள்.

காசிநாதன் முதலில் இறங்கி ஒரு காலை வைத்துப் பார்த்தார். பிறகு மறு காலை வைத்தார். சிமெண்டுக் களம் மாதிரி இருந்தது. பின்னால் பார்த்தார். விரல்களின் தடம் மட்டும் மெல்லியதாகத் தெரிந்தது. அதையும் அடுத்த அலை வந்து அழித்துவிட்டது.

"எங்கப்பாதான் சொன்னாரு, இழுத்துடுமாம்," என்றாள் அபிநயா.

"யாருக்குத் தெரியும்? நம்மூரு மண்ணு அப்பிடியா கீது?" என்றார் அவர். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"மில்லுலயே மூட்டையத் தூக்கிக்கினு கெடடா. உன் பேச்சக் கேட்டு வந்தா காசிக்குப் போறோம்னு பரலோகம் போயிருப்போம்," என்றாள் செல்லியம்மாள். ஆனால் கால் தரையில் பட்டதும் அவள் கோபமெல்லாம் போய்விட்டது. பானையை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அலை வந்து பாதத்தை நனைத்தபோது சின்னப் பிள்ளை மாதிரி கூவினாள். அபிநயா செல்போனில் அத்தையைப் படம் எடுத்தாள். காசிநாதன் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மீன்பிடிப் படகுகளைப் பார்த்தபடி கையை வீசி நடந்தார். அப்படி வேலை இல்லாமல் அவர் நடந்து வீட்டில் யாரும் பார்த்தது கிடையாது.

தைலம்மாளும் நடந்தாள். கால் சமமாக விழுந்தது. வலி இருந்தது, ஆனால் எடுத்துச் சொல்கிற அளவுக்கு இல்லை. இளமாறன் தடியை நீட்டினான்.

"எம்மா, இப்ப தரை நல்லா கீது. தடியப் புடி."

அவள் தடியைப் பார்த்தாள். வாங்கவில்லை. திரும்பி, தாங்கள் வந்த வழியைப் பார்த்தாள். மேலே வெள்ளை மணலில் ஐந்து பேர் நடந்த தடம் சேடை வயலில் மாடு போன மாதிரி குழி குழியாகக் கிடந்தது. கொஞ்ச தூரம் வரைக்கும் அதன் ஓரத்தில் தடியின் துளைகள் தெரிந்தன. அதற்கப்புறம் தடியின் துளை இல்லை.

ஒரு கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி தடி இல்லை. கால் உள்ளே போயிருக்கிறது. திருகி உருவி வெளியே எடுத்திருக்கிறாள். சேற்றில் செய்கிற அதே வேலை. பயப்படுவதற்கு அவளுக்கு நேரம் இல்லாமல் போயிருக்கிறது. சேறு என்று தெரிந்திருந்தால் காலை வைத்திருக்கவே மாட்டாள்.

அவள் ஈர மணலை விட்டு மேலே ஏறினாள்.

"ஏய், இன்னா பண்ற? இப்பத்தான நல்ல எடத்துக்கு வந்தோம்," என்றார் காசிநாதன்.

"நீங்க அதுலயே போங்க. நான் இதுல வரேன்."

"கால்ல தகடு கீதுடி."

"தெரியும். எனக்குத்தான வெச்சாங்க."

வெள்ளை மணலில் போய் நின்றாள். புடவையைத் தூக்கி இடுப்பில் செருகினாள். அப்புறம் கோயிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, குனிந்து, பின்பக்கமாக ஒரு அடி எடுத்து வைத்தாள். மணல் இடிந்தது. காலை உருவினாள். அடுத்த அடி. கை தன்னால் கீழே போய் மணலைத் தொட்டது, நாற்று ஊன்றுகிற மாதிரி.

கீழே நான்கு பேரும் நின்றுவிட்டார்கள். இளமாறன் அம்மாவைப் பிடிக்க ஓடப் பார்த்தான். காசிநாதன் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"அடியே தைலம், அம்மன் கோயிலுக்கு முதுகக் காட்டிக்கினு வர்றவள இப்பத்தான் பாக்குறேன்," என்றாள் செல்லியம்மாள் பதறிப்போய்.

"வருஷம் பூரா அவ என் முதுகத்தான் அண்ணி பாக்குறா. மூஞ்சியக் காட்டினா ஆரோன்னு கேப்பா."

இருபது அடி போனாள். முப்பது. கணுக்காலுக்குள் ஏதோ இரும்பு உரசுகிற மாதிரி வலி வந்தது. நின்று மூச்சு வாங்கினாள். மறுபடியும் போனாள். நாற்பதைத் தாண்டினதும் வலது கால் மணலில் மாட்டிக்கொண்டு, அப்படியே பின்னால் உட்கார்ந்துவிட்டாள். அபிநயா கத்தினாள். தைலம்மாள் கை காட்டி அவளை நிற்கச் சொன்னாள். உட்கார்ந்தபடியே காலை இரண்டு கையாலும் பிடித்து அமுக்கிப் பார்த்தாள். பிறகு முழங்காலை ஊன்றித் தானாக எழுந்தாள். மறுபடியும் குனிந்தாள். இந்தத் தடவை வேகம் குறைவு. முன்பு ஒரு மூச்சுக்கு மூன்று அடி வைப்பவள், இப்போது ஒரு அடி வைத்தாள். அந்த வேகத்தில் வலி பொறுக்க முடிந்தது. அந்த வேகத்தை விட்டால் முடியவில்லை. இரண்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

காசிநாதன் கீழே ஈர மணலில் அவளுக்கு நேராக, அவள் நடக்கிற அளவுக்கே நடந்தார். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள்.

கோயிலுக்கு இருநூறு அடி இருக்கும்போது நிமிர்ந்து, மணலைத் தட்டிவிட்டு, கீழே இறங்கி அவரோடு சேர்ந்துகொண்டாள்.

"எப்பிடி கீது?" என்றார்.

"முடியும். மொத ஆளா முடியாது."

அவர் தலையை ஆட்டினார். இருவரும் கோயிலைப் பார்த்தபடியே அதன் வாசலுக்குப் போனார்கள். செல்லியம்மாள் அதற்குள் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டியிருந்தாள். தைலம்மாள் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டாள். இன்னது வேண்டும் என்று அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை.

பொங்கல் பொங்குகிற நேரத்தில் அபிநயாவிடம் செல்போனை வாங்கி அமிர்தத்தைக் கூப்பிட்டாள். காற்றும் அலையும் பெரிய சத்தம்.

"யக்கா, எங்க கீற? இன்னா எரைச்சல் அது?"

"கடலு. ஏய், கேளு. அந்தக் கரியாலூர்ப் பொண்ண வேணாம்னு சொல்லிடு. நான் வரேன்."

"வர்றியா! நெசமாவா? உன் எடத்துல நான் சும்மா காவலுக்குத்தான் நின்னேன்க்கா, அப்பிடியே கீது..."

"அந்த எடம் வேணாம். என்ன நடுவுல வுடு. ரெண்டு பக்கமும் வேகமா நடுறவளுங்களா நிறுத்து. நான் வுட்டது அவளுங்க கைக்கு எட்டணும். மொத ஆளா நீயே நில்லு."

தைலம்மாள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் வைத்தாள்.

"பிள்ளையாரு?" என்றாள் அமிர்தம் கடைசியில்.

"அதையும் நீயே புடி. மூக்கக் கொஞ்சம் நீட்டமா வையி. போன தடவ நீ புடிச்சது பெருச்சாளி மாதிரி இருந்திச்சாம், எல்லாம் சொன்னாளுங்க."

ஆவணி பிறந்த நாலாம் நாள் பெரிய கழனியில் நடவு தொடங்கியது. அமிர்தம் ஈசானி மூலையில் முதல் நாற்றை ஊன்றினாள். தைலம்மாள் எட்டாவது ஆளாக நடுவில் நின்றாள். சேறு கெண்டைக்கால் வரை ஏறியது. அவளுக்கு இரண்டு பக்கமும் நின்றவர்கள் அவள் விட்ட இடத்தில் அவ்வப்போது கையை நீட்டி நட்டுக்கொண்டு போனார்கள். மத்தியானம் சாப்பாட்டுக்குக் கரையேறியபோது கால் வீங்கியிருந்தது. மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாள் போனாள்.